செல்டா பயிற்சி: ஆபீஸை விட்டுவிட்டு வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி தருகிற கேம்பிரிட்ஜின் சான்றிதழ் படிப்புதான் செல்டா. அதற்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஒன்று ஏன் குறைந்தது என்று கீழே வரும்.

செல்டாவுக்கு முன்னால் இன்னொரு பயிற்சிக்குப் பணம் கட்டியிருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 120 மணி நேர டெஃப்ல் (ஆங்கிலத்தை வேற்று மொழியாகக் கற்பிப்பது) சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். வீடியோ பார்க்க வேண்டும், முடிவில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள், தப்பானால் மறுபடியும் அதே கேள்விகள். மதிய இடைவேளைகளிலேயே பதினோரு நாளில் முடித்துவிட்டேன், சான்றிதழும் வந்துவிட்டது, ஆனால் அதுவரை ஒரு மாணவரின் முகத்தைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. வேலை உத்தரவாதம் என்று அவர்கள் சொன்னது, யார் தேடினாலும் இணையத்தில் கிடைக்கிற விளம்பரங்களின் பட்டியல். டெஃப்ல் என்பது யாருக்கும் சொந்தமான பெயர் கிடையாது, உலகம் முழுவதற்கும் அதைக் கட்டுப்படுத்துகிற ஒரே அமைப்பும் கிடையாது. அதனால் 120 என்ற எண்ணைச் சான்றிதழில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

கேம்பிரிட்ஜின் செல்டாவும் கணக்குப்படி 120 மணி நேரம்தான். வித்தியாசம் எங்கே என்றால், அதில் ஆறு மணி நேரம் நிஜமான மாணவர்கள் முன்னால் நின்று நீங்கள் பாடம் நடத்த வேண்டும், அதுவும் இரண்டு வேறு நிலைகளில் இருப்பவர்களுக்கு. இதைத் தவிர, அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை உட்கார்ந்து கவனிக்க வேண்டும், நான்கு கட்டுரைகள் எழுத வேண்டும். இறுதித் தேர்வு என்று எதுவும் கிடையாது. முழு நேரமாகப் படித்தால் நான்கைந்து வாரத்தில் முடியும், ஆனால் அந்த வாரங்களில் தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டெசால் என்கிற சான்றிதழ் படிப்பும் இதே மாதிரிதான், அதிலும் ஆறு மணி நேர நேரடி வகுப்பு உண்டு.

என் மூன்றாவது பாடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பது நிமிடம், ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட். பலகையில் 'ஹி ஹேஸ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' (அவர் பத்து வருடமாக இங்கே வசிக்கிறார்) என்று எழுதி, கால் மணி நேரம் விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். புரிந்ததா என்று கேட்டேன், பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். பாடம் முடிந்ததும் பயிற்சியாளர் தன் தாளைக் காட்டினார். நான் எத்தனை முறை 'ஓகே' சொன்னேன், எத்தனை நிமிடம் நான் மட்டுமே பேசினேன் என்று ஓரத்தில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தார். அப்புறம், "புரிந்ததா என்று இனிமேல் யாரிடமும் கேட்காதீர்கள். பலகையில் எழுதினீர்களே, அந்த 'ஹி' இப்போதும் இங்கேதான் இருக்கிறாரா என்று கேளுங்கள்" என்றார். மறுநாள் அதே மாணவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பாதிப் பேர் 'நோ' என்றார்கள்! முந்தின நாள் தலையாட்டிய அதே ஆட்கள். அன்றைக்கு ஒரு கோடு வரைந்து, பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு புள்ளி, இன்றைக்கு ஒரு புள்ளி, நடுவே பட்டையாக நிழல் போட்டுக் காட்டினேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், பட்டை 'இன்று' என்ற புள்ளியோடு நிற்கக் கூடாதே என்று கேட்பதுபோல், தன் நோட்டில் அதை அந்தப் புள்ளிக்கு அப்பாலும் இழுத்து அம்புக்குறி போட்டு என்னிடம் காட்டினார். பாடம் ஒட்டிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருடம் அலுவலகத்தில் ஸ்லைடு போட்டுப் பேசியிருக்கிறேன், எதிரே இருப்பவருக்குப் புரிந்ததா என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

இந்தப் பயிற்சிக்குக் கொடுத்த பணம் இந்த ஒன்றுக்கே தகும் என்பேன்.

ஒரு நட்சத்திரம் குறைந்த காரணத்துக்கு வருகிறேன். செல்டா அடிப்படையில் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவதற்கான பயிற்சி. ஆசியாவில் கிடைக்கிற வேலைகளில் பெரும்பகுதி குழந்தைகளுக்கானது. வியட்நாமில் நான் சேர்ந்த மொழி மையத்தில் முதல் வகுப்பே ஆறு வயதுப் பிள்ளைகள் பதினெட்டு பேர். ஜோடி ஜோடியாகப் பேசவிட்டு ஆசிரியர் பின்னால் நிற்க வேண்டும் என்று படித்ததெல்லாம் அங்கே ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. குழந்தைகளைக் கையாள்வதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்து, எந்தச் சான்றிதழும் உங்கள் பாஸ்போர்ட்டை மாற்றாது, இதைப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே பாருங்கள். தென் கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான ஈ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலத்திலேயே வளர்ந்திருந்தாலும் அந்தப் பட்டியலில் உங்கள் நாடு இல்லையென்றால் பெரும்பாலும் கதவு திறக்காது. இது எனக்கு இன்றும் கோபம் தருகிற விஷயம். வியட்நாமில் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை எல்லாம் இருந்தால் மற்ற நாட்டவருக்கும் வேலை அனுமதி கிடைக்கும். ஆனால் ஆவணங்களுக்குச் சான்றொப்பம் வாங்கவே வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

சரி, ஆபீஸா வகுப்பறையா? எனக்கு வகுப்பறை பிடித்தது, பணம்தான் பிடிக்கவில்லை. முதல் வருடச் சம்பளம் தனியாக இருப்பவருக்குத் தாராளம், மிச்சமும் பிடிக்கலாம். ஆனால் பெரும்பாலான மொழி மையங்களில் ஐந்தாவது வருட ஆசிரியரும் முதல் வருட ஆசிரியரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். அதே ஐந்து வருடத்தில் ஆபீஸில் உங்களோடு சேர்ந்தவர் இரண்டு படி ஏறியிருப்பார், அவருடைய ஓய்வூதியக் கணக்கிலும் மாதாமாதம் ஏதோ விழுந்துகொண்டிருக்கும். இங்கே மேலே போக வேண்டுமென்றால் டெல்டா (செல்டாவுக்கு அடுத்த நிலைப் படிப்பு), முதுகலை, இல்லையென்றால் முறையான ஆசிரியர் உரிமம் வாங்கிக்கொண்டு சர்வதேசப் பள்ளிக்குப் போக வேண்டும். ஜப்பானில் வெளிநாட்டவரைப் பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேர்க்கிற, 1987 முதல் நடக்கிற ஜெட் என்ற அரசுத் திட்டத்தில்கூட அதிகபட்சம் ஐந்து வருடம்தான், அப்புறம் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம், விசாவும் பெரும்பாலும் அந்த முதலாளியோடு கட்டிப்போட்டது. ஜப்பானில் மிகப் பெரிய ஆங்கிலப் பள்ளிச் சங்கிலியாக இருந்த நோவா 2007 அக்டோபரில் விழுந்தபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பள பாக்கியோடு நின்றார்கள். 2021 ஜூலையில் சீன அரசு, பள்ளிப் பாட டியூஷன் நிறுவனங்களை முடக்கியதும், வெளிநாட்டில் உட்கார்ந்து சீனப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சொல்லிக்கொடுத்தவர்களில் பலருடைய வருமானம் சில மாதங்களுக்குள் நின்றது. ஆபீஸில் ஆட்குறைப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அங்கே வேலை போனால் அதோடு சேர்ந்து நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதில்லை.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை. மொழி மையத்துக்கு ஆட்கள் வருவது பள்ளியும் ஆபீஸும் முடிந்த பிறகு. ஆகவே உங்கள் வேலை மாலையிலும் சனி ஞாயிறிலும். ஊரே விடுமுறையில் இருக்கும்போது நீங்கள் பலகை முன்னால் நிற்பீர்கள்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து மறுபடி ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். நேர்காணலில் அந்த இரண்டு வருடத்தை இடைவெளி என்றே குறித்துக்கொண்டார்கள், விட்ட இடத்துக்கும் ஒரு படி கீழேதான் இடம் கிடைத்தது. இப்போது மீட்டிங்கில் எல்லாரும் தலையாட்டினால் நான் விடுவதில்லை, திங்கட்கிழமை காலை யார் எந்த ஃபைலை அனுப்பப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். அங்கிருந்து பேச்சைத் திரும்ப ஆரம்பிப்போம்.

நான் ராஜினாமா கொடுத்துவிட்டுத்தான் செல்டாவில் சேர்ந்தேன், நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். பகுதி நேரமாகச் சில மாதங்களில் முடிக்கிற வகுப்புகள் இருக்கின்றன, முழுக்க ஆன்லைனிலேயே நிஜ மாணவர்களுக்கு நடத்தி முடிக்கவும் இப்போது வழி இருக்கிறது. என்னோடு படித்த ஒருவர் ஐந்து வாரம் விடுப்புப் போட்டு வந்திருந்தார். எங்கள் குழுவிலேயே நன்றாகப் பாடம் நடத்தியவர் அவர். மூன்றாவது வாரம் முடிவில், இதை நான் தினமும் செய்ய மாட்டேன் என்று அமைதியாகச் சொன்னார். பயிற்சியை முழுதாக முடித்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமையே தன் பழைய மேசைக்குத் திரும்பினார்.