ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த ஃபைல்கள்: பூட்டி வைப்பதா, வெளியே வைப்பதா?

மெடிக்கல் ரிப்போர்ட், பாஸ்போர்ட் ஸ்கேன், வேறு வேலைக்குப் போட்ட பயோடேட்டா என்று ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போகும். இவற்றை அட்மின் கண்ணில் படாமல் வைக்க நான் மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது எல்லாவற்றையும் என் சொந்த ஃபோனுக்கு மாற்றிவிட்டேன்.

ஹிட்டன் ஃபோல்டரெல்லாம் கணக்கிலேயே சேராது. அட்மின் உரிமை உள்ளவர் எந்த ஃபோல்டரின் ஓனர்ஷிப்பையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருக்கிறதே என்றால், அது லேப்டாப் திருடு போனால்தான் காக்கும். அதைத் திறக்கும் ரெகவரி கீ என்ற மாற்றுச் சாவி பெரும்பாலும் கம்பெனி கையில்தான் இருக்கும்.

அடுத்தது 7-ஜிப், ஃபைல்களைச் சுருக்கி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் மென்பொருள். 7இசட் ஃபார்மட்டில் ஏஇஎஸ்-256 என்ற பலமான என்கிரிப்ஷன் பூட்டு, 'ஃபைல் பெயர்களையும் என்கிரிப்ட் செய்' என்பதை டிக் செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. நல்ல பூட்டுதான், ஆனால் உள்ளே இருக்கும் பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்து பாருங்கள்: டெம்ப் ஃபோல்டருக்குள் 7இசட்ஓ என்று தொடங்கும் ஒரு ஃபோல்டர் முளைத்து, அதில் பூட்டே இல்லாத ஒரு பிரதி உட்கார்ந்திருக்கும். ஒழுங்காக மூடினால் அழிந்துவிடும், 7-ஜிப்பை முதலில் மூடிவிட்டால் அங்கேயே தங்கிவிடலாம்.

ஃபைல்களைப் பூட்டிய ஒரே பெட்டிக்குள் வைக்கும் வெராகிரிப்ட் இதைவிட மேல், திறக்கும்போதே தனி டிரைவாக வந்துவிடும். ஆனால் அதன் டிரைவர் மென்பொருளை ஏற்ற அட்மின் உரிமை வேண்டும், இன்ஸ்டால் செய்யாமல் ஓடும் போர்ட்டபிள் வெர்ஷனுக்கும் வேண்டும், அதாவது யாரிடமிருந்து மறைக்கிறோமோ அவரிடமே போய்க் கேட்க வேண்டும். கிளவுட் ஃபைல்களைப் பூட்டும் கிரிப்டோமேட்டரை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் அதைப் பற்றி அழுத்தமாக எதுவும் சொல்ல மாட்டேன்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்றுதான்: பூட்டு எவ்வளவு பலம் என்பதல்ல, அதை எந்த மெஷினில் திறக்கிறோம் என்பது. பாஸ்வேர்டை அடிப்பது அவர்கள் நிர்வகிக்கும் மெஷினில், படிப்பது அவர்கள் நிர்வகிக்கும் திரையில். கண்காணிப்பு மென்பொருள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், கீ அழுத்தங்களைப் பதிவு செய்தால் எந்த என்கிரிப்ஷனும் நடுவில் வந்து தடுக்காது. வெராகிரிப்ட் டிரைவ் திறந்திருக்கும் நேரத்தில் உங்களுக்குத் தெரிவது அட்மினுக்கும் தெரியலாம். மூடியிருக்கும்போது மட்டும் பத்திரமாக இருந்து என்ன பயன், திறக்காத ஃபைல் எதற்கு? பிரவுசரில் சொந்த கிளவுடைத் திறந்தாலும் இதே கதைதான், லேப்டாப்பில் கம்பெனியின் ரூட் சர்டிஃபிகேட் (மெஷின் அப்படியே நம்பும் அடையாளச் சான்று) இருந்தால் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பைக்கூட நடுவில் பிரித்துப் பார்க்க முடியும்.

அதனால்தான் சொந்த ஃபோன், சொந்த டேட்டா, ஆபீஸ் வைஃபை வேண்டாம். ஆபீஸ் மெயிலுக்காக ஃபோனில் ஏதாவது நிர்வாக ஆப் போடச் சொன்னால், ஆண்ட்ராய்டில் வொர்க் புரொஃபைலாக மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். அது வேலைப் பகுதியைத் தனியாகப் பிரித்துவிடும், உங்கள் பக்கத்து ஃபோட்டோவும் ஃபைலும் அவர்களுக்குத் தெரியாது. சார்ஜ் போடவும் லேப்டாப்பில் செருக வேண்டாம்.

அப்புறம், லேப்டாப்பில் ஏற்கெனவே கிடக்கும் சொந்த ஃபைல்களை அழித்தாலும் கம்பெனி பேக்கப்பில் பழைய பிரதி இருக்கலாம். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் தானாகவே கம்பெனி ஒன்டிரைவுக்கு ஏறும்படி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அந்த ஃபைல்களில் பாஸ்வேர்டு ஏதும் எழுதி வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.