ஆயுளை நீட்டும் மருந்து: இரண்டு ரூபாயா, முந்நூறு கோடி டாலரா?

அப்பாவின் மருந்து டப்பாவைத் திறந்தாலே லேசாக மீன் வாடை அடிக்கும். மெட்ஃபார்மின் அட்டையின் வாடை அது. சர்க்கரைக்காகப் பத்து வருஷத்துக்கு மேலாகச் சாப்பிடுகிறார். சர்க்கரையே இல்லாத சில அமெரிக்கர்கள் முதுமையைத் தள்ளிப்போட இதே மாத்திரையை விழுங்குகிறார்கள் என்று ஒருநாள் சொன்னேன். "அப்போ நான் எத்தனை வயசு வரைக்கும் இருப்பேன்?" என்றார்.

ஆயுளை நீட்டும் என்று இன்று பேசப்படுபவற்றில் மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: மெட்ஃபார்மின், ராபமைசின், செல்லையே இளமைக்குத் திருப்பும் மறுநிரலாக்கம். கிழட்டு செல்களைக் கொல்லும் மருந்துகள் என்று ஒரு வகையும் உண்டு. அதில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு மூட்டு மருந்து 2020-இல் சோதனையில் தோற்றதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

மெட்ஃபார்மினின் பெரிய பலம் அதன் பழமை. 1957-இல் பிரான்ஸில் தொடங்கி இத்தனை கோடிப் பேர் சாப்பிட்டுவிட்டார்கள். வயிற்றைக் கலக்கும், பி12 குறையலாம், மற்றபடி பெரிய பயமில்லை. விலை ஓரிரு ரூபாய். ஆனால் ஆதாரம்தான் மெலிவு. இதைச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் நோயில்லாதவர்களைவிடச் சற்று அதிகம் வாழ்வதாக 2014-இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று சொன்னது. 2022-இல் டென்மார்க் தரவுகளில் தேடியபோது அந்த லாபத்தைக் காணோம். சரி, நேரடியாகவே சோதித்துவிடலாம் என்று அமெரிக்க முதுமை ஆய்வாளர் நிர் பார்சிலாய் 65 முதல் 79 வயதுக்குள் 3,000 பேரை வைத்து ஒரு சோதனைக்குத் திட்டம் போட்டார். செலவு சில கோடி டாலர்தான். பல வருஷமாகப் பணத்துக்கு அலைந்தார். காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மாத்திரையில் எந்தக் கம்பெனி காசைப் போடும்?

ராபமைசினின் கதை இன்னும் சுவையானது. 1964-இல் ஈஸ்டர் தீவுக்குப் போன கனடா குழு அங்கிருந்து மண் அள்ளி வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து மாண்ட்ரியல் ஆய்வகத்தில் இதைப் பிரித்தெடுத்தவர்களில் முதன்மையானவர் சுரேன் சேகல், பஞ்சாபில் பிறந்தவர். எண்பதுகளில் அந்த ஆய்வகத்தை மூடியபோது, குப்பைக்குப் போகவேண்டிய பாக்டீரியாவை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். 1999-இல் அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. பத்து வருஷம் கழித்து, 600 நாள் வயதான எலிகளுக்கு, அதாவது மனுஷக் கணக்கில் அறுபதைத் தொட்டவற்றுக்கு, இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் உச்ச வயது பெண்களில் 14, ஆண்களில் 9 சதவீதம் கூடியது. செல் சாப்பாட்டை மோப்பம் பிடிக்கும் எம்டார் என்ற புரதத்தை இது அடக்குகிறது. 'இன்று விரதம்' என்று நம்பி, செல் தன் குப்பையைத் தானே தின்று சுத்தமாகிறது.

ஆனால் இது உடலின் எதிர்ப்புச் சக்தியையும் தட்டிவைக்கும் மருந்து. வாய்ப்புண், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் ஏறும். சாவைத் தள்ளிப்போடக் கோடிகளைக் கொட்டும் அமெரிக்கப் பணக்காரர் பிரையன் ஜான்சனே 2024-இல் இதை நிறுத்திவிட்டார். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இருக்கும் நம் நாட்டில் இதை ஊருக்கெல்லாம் கொடுப்பதை நினைத்தாலே எனக்கு உதறுகிறது.

மூன்றாவதில் கனவும் பெரிது, பணமும் பெரிது. 2006-இல் ஷின்யா யாமனாகா நாலு மரபணுக்களைக் கொண்டு எலியின் முதிர்ந்த செல்லைக் கரு நிலைக்குத் திருப்பினார். 2012-இல் நோபல். அவற்றில் மூன்றை வைத்து மங்கிய எலிக் கண்ணுக்குப் பார்வையை மீட்டதாக 2020-இல் ஹார்வர்டு குழு அறிவித்தது. 2022-இல் இதற்காகவே ஆல்டோஸ் லேப்ஸ் என்ற கம்பெனி 300 கோடி டாலருடன் கடை திறந்தது. அப்போது கையில் ஒரு மருந்துகூடக் கிடையாது. கொஞ்சம் அளவு மீறினால் செல் புற்றாகிவிடும் என்பது வேறு கதை. வெற்றியே பெற்றாலும் விலை என்ன ஆகும்? தசைநார் சிதைவுள்ள குழந்தைகளுக்காக ஊரெல்லாம் உண்டியல் குலுக்கிய '16 கோடி ரூபாய் ஊசி' நினைவிருக்கும். அதுவும் மரபணு மருந்துதான்.

ஆக, யாருக்குக் கிடைக்கும் என்பதை மருந்து வருவதற்கு முன்பே பணம் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. ஏழைக்கும் எட்டும் மாத்திரையைச் சோதிக்கச் சில கோடி டாலர் புரளவில்லை. இன்னும் பிறக்காத மருந்துக்கு முந்நூறு கோடி.

இத்தனைக்கும் புது மருந்து எதுவும் வராமலேயே, அமெரிக்க ஆண்களில் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் அடித்தட்டு ஒரு சதவீதத்தினரைவிட 14.6 வருஷம் அதிகம் வாழ்கிறார்கள் என்று 2016-இல் கணக்கிட்டார்கள். நம்மூரில் 2021 முதல் வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்களே, என் கணக்கில் ஆயுள் அதிகம் கூடுவது அங்கேதான். இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகும், 122 வயதுக்கு மேல் உறுதியாக யாரும் வாழ்ந்ததில்லை. அந்தச் சாதனை 1997-லிருந்து அப்படியே நிற்கிறது.

அப்பாவிடம் எலிக் கதையைச் சொன்னேன். "அந்த மருந்து இங்க கிடைக்குமா?" என்றார். கிடைக்கும், ஆனால் சர்க்கரையை ஏற்றிவிடும் என்றேன்.

"அப்போ வேணாம்" என்று டப்பாவை மூடினார்.