சர்வர் உறைந்தால் உடனே டிஸ்க்கை மாற்றச் சம்மதிக்காதீர்கள்: எங்கள் அச்சகத்துக்கு நேர்ந்தது

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஆடிப்பெருக்குதான் கெடு. அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் அன்று வெளிவந்தாக வேண்டும் என்பதால், அதற்கு முந்தைய ஆறு வாரமும் வடிவமைப்புப் பிரிவில் இரவு பகல் கிடையாது. அந்த நேரத்தில்தான் 11 நாள் வேலையையும் 35,500 ரூபாயையும் எங்கள் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) நிறுவனத்தால் இழந்தோம். பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே நாடகம் உங்கள் அலுவலகத்திலும் நடக்கலாம்.

படங்கள் எல்லாம் நாஸ் என்னும் சேமிப்புப் பெட்டியில் இருக்கின்றன. லினக்ஸ் சர்வர் அதை, நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறையான என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் செய்திருக்கிறது; அதாவது, தன் சொந்த டிஸ்க் போலவே இணைத்துக்கொண்டிருக்கிறது. வடிவமைப்பாளர்கள் ஒன்பது பேரும் சர்வர் மூலமாகத்தான் கோப்புகளைத் திறப்பார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது திரைகளும் ஒன்றாக உறைந்தன. ஐந்தாறு நிமிடத்தில் தானாகச் சரியானது. அரை மணி நேரத்தில் மறுபடியும் உறைந்தது.

சர்வரில், டிஸ்க்குகளில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தால் பதிலே வரவில்லை. அது மவுண்ட் ஆன ஒவ்வொன்றையும் விசாரிக்கும். ஒன்று பேசாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். செயலி சும்மா இருக்கும்போதே, வேலைகளின் நெரிசலைக் காட்டும் லோடு எண் 20ஐத் தாண்டியது. டிஸ்க்கோ நாஸோ பதில் சொல்லக் காத்து, 'டி நிலை' என்னும் நிலையில் அசையாமல் நிற்கும் வேலைகளையும் லினக்ஸ் லோடில் சேர்த்துக்கொள்ளும். லினக்ஸின் உட்கருவான கர்னல் எழுதும் பதிவில், நாஸைக் குறித்து 'சர்வர் பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்று ஒரு வரி, சற்றுப் பொறுத்து 'சர்வர் சரி' என்று ஒரு வரி, இப்படி மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

ஏஎம்சி பொறியாளர் வந்தார். நாஸின் ஐபி முகவரிக்கு, அங்கே ஏதாவது கருவி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை அடித்தார். பதில் வந்தது. "பாருங்கள் சார், நெட்வொர்க் நன்றாக இருக்கிறது. டிஸ்க்தான் போய்விட்டது" என்றார். அவர் பார்த்தது அவ்வளவுதான். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறக்கவில்லை, கர்னல் பதிவைப் படிக்கவில்லை. நான் அந்த வரிகளைக் காட்டியபோதும், "அதெல்லாம் வழக்கமாக வருவதுதான்" என்று நகர்ந்துவிட்டார். கெடு நெருங்கிய பயத்தில் எங்கள் முதலாளி அண்ணாச்சி சம்மதித்தார். டிஸ்க்குகள் இரண்டுக்கு 31,000 ரூபாய், மாற்றும் கூலி 4,500. பழைய டிஸ்க்குகளை "எக்ஸ்சேஞ்ச்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

உறைவது நிற்கவில்லை. மறுபடி அழைத்தபோது அவர்கள் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னிடம் சொல்லாமல் மவுண்டை 'சாஃப்ட்' என்று மாற்றி, காத்திருக்கும் நேரத்தை 3 விநாடியாகக் குறைத்துவிட்டு, "சரிசெய்துவிட்டோம்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என்எஃப்எஸ் மவுண்ட் இயல்பாக 'ஹார்டு' முறையில்தான் இருக்கும். எதிர்முனை பேசாவிட்டால், பேசும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். திரை உறையும், எரிச்சல் வரும், ஆனால் தரவு பத்திரமாக இருக்கும். சாஃப்ட் முறையில் சில முயற்சிகளுக்குப் பின் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பிழையைக் கவனிக்காத மென்பொருள், பாதி எழுதிய கோப்பை முழுக் கோப்பு என்று நம்பி மூடிவிடும். திரை உறைவது நின்றதும் எல்லோரும் நிம்மதி அடைந்தோம். நான்கு நாள் கழித்து, அச்சுக்கான பிளேட் போடுவதற்கு முன் சரிபார்ப்பவர் என்னைக் கூப்பிட்டார். முருகன் படத்தில் மயில் வரை வண்ணம் பளிச்சென்று இருந்தது; மயிலின் காலுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டை. அந்த நான்கு நாளில் சேமித்த கோப்புகளில் 63 இப்படிப் பாதியில் அறுபட்டிருந்தன.

அன்றிரவு நானே உட்கார்ந்தேன். நாஸில் செருகியிருந்த லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சர்வரிலிருந்து அதே முகவரிக்குப் பிங் அடித்தேன். பதில் வந்தது. கேபிள் என் கையில் இருக்கிறது, பதில் வந்துகொண்டே இருக்கிறது. கை நடுங்கிவிட்டது.

அந்த முகவரியில் வேறொரு கருவி உட்கார்ந்திருந்தது. கேபிளைத் திரும்பச் செருகியபின், ஒரு ஐபி முகவரியை வைத்திருப்பது எந்தக் கருவி என்று கேட்கும் ஆர்ப்பிங் கட்டளை கொடுத்தபோது, ஒரே ஐபி முகவரிக்கு இரண்டு மேக் முகவரிகள் (கருவிக்குத் தயாரிப்பாளர் தரும் அடையாள எண்கள்) பதில் சொல்லின. ஒன்று நாஸின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு பொருந்தியது. மற்றதன் முதல் மூன்று பகுதிகள் கேமரா தயாரிப்பாளர் ஒருவரைக் காட்டின. இந்த ஏஎம்சி நிறுவனமே, எல்லாம் உறைவதற்கு இரண்டு நாள் முன் சனிக்கிழமை மாலை வந்து, கண்காணிப்புக் கேமராவின் பதிவைச் சேமிக்கும் என்விஆர் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தது. எந்த முகவரி காலியாக இருக்கிறது என்று கேட்காமல் நாஸின் முகவரியையே அதற்குக் கொடுத்திருந்தார்கள். சர்வர் சில நேரம் நாஸிடம் பேசியது, சில நேரம் என்விஆரின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றது. என்விஆருக்கு வேறு முகவரி கொடுத்தேன், மவுண்டைப் பழையபடி ஹார்டு ஆக்கினேன். அதன்பின் ஒருமுறைகூட உறையவில்லை.

பழைய டிஸ்க்குகளைக் கேட்டு மூன்று நாள் நடந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களின் படங்கள் அதில் இருக்கின்றன என்று எழுத்தில் கொடுத்த பிறகே திருப்பித் தந்தார்கள். இரண்டிலும் பழுதான செக்டர் ஒன்றுகூட இல்லை. பணத்தைக் கேட்டால், "பிரித்த டிஸ்க்கைத் திரும்ப எடுக்க முடியாது" என்றார்கள். வணிக நோக்கில் பெற்ற சேவை என்பதால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது, சிவில் வழக்குதான் போட வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். ஏஎம்சி கையெழுத்திடும்போதே, தவறான கணிப்பில் மாற்றிய உதிரிபாகத்துக்குப் பொறுப்பு யாருடையது என்று ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது கேளுங்கள்.

உங்கள் சர்வரில் நெட்வொர்க் மவுண்ட் உறைந்தால், வருபவர் பெட்டியைத் திறப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். பிங்கை நம்பாமல், என்எஃப்எஸ்ஸுக்கு உரிய 2049 என்னும் போர்ட்டில் (இணைப்பு வாசலில்) அது பதில் சொல்கிறதா என்று பார்க்கட்டும். மேக் முகவரியை ஸ்டிக்கரோடு ஒப்பிடட்டும். டிஸ்க் பழுது என்றால் ஸ்மார்ட் அறிக்கையை அச்சிட்டுத் தரட்டும். அவர் போன பிறகு மவுண்ட் பட்டியலில் சாஃப்ட் என்ற சொல் புதிதாக முளைத்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். டிஎஃப் உறைந்தாலும், அந்தப் பட்டியல் இருக்கும் ப்ராக் மவுண்ட்ஸ் (/proc/mounts) கோப்பைப் படிக்கலாம், அது உறையாது. அங்கே சாஃப்ட் என்று இருந்தால், அன்றிலிருந்து சேமித்த ஒவ்வொரு கோப்பையும் திறந்து கடைசி வரை பாருங்கள். எங்களுடைய 63இல் 41ஐ பேக்கப்பிலிருந்து மீட்டோம். மீதி 22ஐயும் வடிவமைப்பாளர்கள் முதலிலிருந்து வரைந்தார்கள்.