காசிமேட்டுப் படகுப் பட்டறையில் ஸ்டாண்டர்ட் வேனுக்கு ஒரு கியர் பாக்ஸ் மவுண்டிங்

படகு வேலை செய்கிறவர்களிடம் பழைய வேனைக் கொண்டுபோகலாமா? கியர் பாக்ஸ் மவுண்டிங் (கியர் பாக்ஸைச் சேசிஸில் தாங்கிப் பிடிக்கும் அமைப்பு) மாதிரி வேலை என்றால் தாராளமாகப் போகலாம். பளபளப்பான ஃபினிஷிங், பில், உட்கார நாற்காலி எல்லாம் வேண்டும் என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறை காசிமேட்டில், எஸ்.என். செட்டி தெருவிலிருந்து மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பிரியும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது. போர்டு கிடையாது. வாசல் சுவரில் படகு ஷாஃப்ட்டுகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். உள்ளே ஒரு பெரிய லேத்து, ஒரு சின்ன லேத்து, டிரில்லிங் மிஷின், வெல்டிங் செட். மேஸ்திரி, அவருடைய மருமகன், இரண்டு பையன்கள். அவ்வளவுதான் ஆட்கள்.

என் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேலை புரியாது. தண்டையார்பேட்டையில் எங்களுக்கு மைக் செட் தொழில். அப்பா வாங்கிய ஸ்டாண்டர்ட் 20 வேன் இன்னும் ஓடுகிறது. 1958இல் இங்கிலாந்தில் வந்த ஸ்டாண்டர்ட் அட்லஸின் வாரிசு இது. நம் ஊரில் ஹெரால்டு கார் செய்த அதே கம்பெனிதான் இதையும் செய்தது. கம்பெனி மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஸ்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் அப்பா காலத்திலேயே ஜீப்பின் 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சினும், டூ வீல் டிரைவ் ஜீப்பின் கியர் பாக்ஸும் மாற்றி, எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றியாகிவிட்டது. எஞ்சின் முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். டிரைவருக்குச் சத்தமும் சூடும் இலவசம்.

சிக்கல் பின்பக்கத்தில். ஸ்டாண்டர்டின் கிராஸ் மெம்பர், அதாவது சேசிஸின் குறுக்குச் சட்டம், ஓரிடத்தில் இருக்கிறது, ஜீப் கியர் பாக்ஸின் மவுண்டிங் உட்காரும் இடம் அதற்கு நாலு விரற்கடை பின்னால் வருகிறது. அப்போது மாற்றிக் கொடுத்தவர்கள் இந்த இடைவெளிக்கு ஒரு பட்டை இரும்பை வளைத்து, ரப்பரே இல்லாமல் நேராக முடுக்கியிருந்தார்கள். எஞ்சினுக்கு முன்னால் ரப்பர் இருக்கிறது, அது ஆடும். பின்னால் இரும்போடு இரும்பு, அது ஆடாது. நடுவில் இருக்கிற கியர் பாக்ஸ்தான் முறுக்குப்படும்.

எனக்கு இது காதில்தான் முதலில் உறுத்தியது. கரண்டு ஹம் என்றால் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ், அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வேனில் வந்தது அதற்கும் கீழே. கணக்குப் போட்டால் சரியாக வருகிறது: நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும், ஐடிலில் 800 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்குச் சுமார் 27 அதிர்வு. அது சேசிஸ் வழியாக அப்படியே பாடிக்கு ஏறி, பின்னால் அடுக்கிய ஹார்ன் ஸ்பீக்கர்கள் ஒன்றோடொன்று கிலுகிலுத்தன. 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தரையிலிருந்து இன்னொரு முனகல். இரண்டும் வேறு வேறு நோய் என்று மேஸ்திரி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “இன்னா தம்பி, இத்த யார் அட்ச்சது? சொம்மா கட்டிப் போட்டு வெச்சிகீறான்.” அப்புறம் இரும்பைப் பற்றிப் பேசவே இல்லை. கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வை அளந்தார். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. இந்த வேலைக்கு நான் விசாரித்த மற்ற இடங்களில் எல்லாரும் “எத்தனை எம்.எம். பிளேட்டு?” என்றுதான் ஆரம்பித்தார்கள்.

படகில் எஞ்சின் கப்ளிங்கும் ஷாஃப்ட் கப்ளிங்கும் (எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் வட்டத் தகடுகள்) முகத்தோடு முகம் பொருந்த வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துச் சுற்றிவரப் பார்ப்பார்கள். கோணல் இருந்தால் பேரிங்கும் சீலும் சீக்கிரமே போய்விடும். அந்தப் பழக்கம் இவர்கள் கையில் ஊறியிருக்கிறது. ஆனால் வேன் படகு இல்லை என்பதும் மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கிறது. வேன் ஷாஃப்ட்டின் முனைகளில் மடங்கும் மூட்டான கிராஸ் ஜாயின்ட்டில் நேர்க்கோடு கூடாது. சின்னச் சாய்வு இருந்தால்தான் உள்ளே இருக்கிற ஊசி ரோலர்கள் உருளும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அமுங்கிக் குழி விழும். அதோடு கியர் பாக்ஸ் பக்கத்துச் சாய்வும் பின் ஆக்ஸில் பக்கத்துச் சாய்வும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் முனகல் போய்விடும். என் வண்டியில் வளைத்த பட்டை கியர் பாக்ஸின் வாலை மேலே தூக்கிப் பிடித்திருந்தது. 40க்கு மேல் வந்த சத்தத்துக்கு அதுதான் காரணம்.

பிறகுதான் அட்டை வந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்கு நான் வெட்டுவது போலவே அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி, கியர் பாக்ஸைப் பலகை வைத்த ஜாக்கியில் சரியான சாய்வுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, இடைவெளியை அளந்தார்கள். சேசிஸில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. கிராஸ் மெம்பரில் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளில் உட்காரும் மாதிரி அடியில் மூணு நூல் (3/8 அங்குல) பிளேட்டு, அதிலிருந்து பின்னால் நீளும் ஒரு மேடை, மேடைக்கு இரண்டு பக்கமும் முக்கோண முட்டு. மேடையில் ஜீப் கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர். போல்ட்டு ஓட்டைகள் முன்பின்னாக நீள ஓட்டைகள், பின்னால் ஷாஃப்ட் மாற்றினாலும் நகர்த்தி முடுக்கலாம்.

ரப்பரில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. மருமகன் படகு எஞ்சினுக்குப் போடும் ரப்பர் கட்டையை எடுத்து வந்தார், சாகும்வரை உழைக்கும் என்றார். உழைக்கும், ஆனால் அது கல் மாதிரி. அதைப் போட்டால் பழைய இரும்புப் பட்டைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மேஸ்திரியே மருமகனை அடக்கிவிட்டு, ஜீப் ரப்பர் வாங்கி வரச் சொன்னார். ரப்பருக்கு நடுவில் ஒரு நீள போல்ட்டும் கிண்ண வாஷரும் போட்டிருக்கிறார். என்றைக்காவது ரப்பர் கிழிந்தாலும் கியர் பாக்ஸ் தொங்குமே தவிர, ரோட்டில் விழாது. இதை நான் கேட்கவில்லை, அவராகவே செய்தது.

வெல்டிங்கைப் பார்க்கத்தான் நான் நின்றேன், ஏனென்றால் வடசென்னையில் வெல்டிங் தெரியாத சந்து கிடையாது, நல்ல வெல்டிங்தான் அபூர்வம். வண்டியில் வைத்து டாக் (இடம் மாறாமல் இருக்கச் சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் அடித்தார்கள், அதுவும் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி. எர்த்தை எங்கேயோ மாட்டினால் கரண்டு கியர் பாக்ஸ் பேரிங் வழியாகப் போய் அதைப் பொசுக்கிவிடும். அப்புறம் கழற்றி, மேசையில் வைத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முழு வெல்டிங். ஒரே மூச்சில் ஓட்டினால் பிளேட்டு வளைந்துகொள்ளும். 7018 என்ற வகை வெல்டிங் ராடுதான் போட்டார்கள். கடற்காற்றில் அந்த ராடு ஈரம் குடித்தால் வெல்டிங்கில் விரிசல் வரும் என்பதால், ஒரு பழைய மரப் பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு ராடுகளை அதில் வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் ஓவனில் செய்வதை இவர்கள் பல்பில் செய்கிறார்கள். ஓட்டைகளையும் கேஸில் ஊதாமல் டிரில் போட்டே எடுத்தார்கள். கேஸில் வெட்டிய ஓட்டையின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும், அதிர்வு படும் இடத்தில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இப்போது குறைகள். பெயிண்டு என்று ஒரே ஒரு கை ரெட் ஆக்சைடு, அதுவும் கிரைண்டர் தூசியைத் துடைக்காமல். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தொழில் செய்கிறவர்கள் துருவை இப்படி அலட்சியம் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. நான் கழற்றிச் சுரண்டி எபாக்ஸி பிரைமர் அடித்துத் திரும்ப மாட்டினேன். ஹேண்ட் பிரேக் கேபிள் புதிய முட்டில் உரசியது, சொன்ன பிறகுதான் ஒரு கிளிப் போட்டுத் தள்ளி விட்டார்கள். போனை எடுக்க மாட்டார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்த ஸ்டாண்டுக்குப் பதில் சவுக்குக் கட்டைகளை அடுக்குகிறார்கள். அதற்கு அடியில் அந்தப் பையன்கள் படுப்பதைப் பார்க்க எனக்கு வயிறு கலங்கியது, சொல்லியும் பார்த்தேன், சிரித்தார்கள். கூலியும் இரும்பும் சேர்த்து 5,500 ரூபாய் வாங்கினார்கள், ரப்பர் தனி. செய்த வேலைக்கு இது குறைவு என்றே சொல்வேன்.

பலன் என்ன? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போக முடிந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். முனகல் இல்லை. ஐடிலில் அதிர்வு முழுதாகப் போகவில்லை, போகவும் போகாது, அது டீசல் எஞ்சின். ஆனால் ஸ்பீக்கர்கள் கிலுகிலுக்கவில்லை, ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் நம்பர் படிக்க முடிகிறது. கியர் லீவர் பழைய இடத்திலிருந்து ஒரு விரல் நகர்ந்திருக்கிறது, இரண்டாவது கியரில் கை முழங்கால் பக்கம் இடிக்கும், அது பழகிவிட்டது. கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு போல்ட்டுகளை ஒரு தடவை திரும்ப முடுக்கச் சொன்னார், முடுக்கினேன், லேசாக இடம் கொடுத்திருந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் போகாதீர்கள். படகுகள் எல்லாம் கரையேறி ரிப்பேருக்கு நிற்கும், மேஸ்திரி உங்கள் வேனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மற்ற நாட்களில் காலையில் மீன் லாரிகள் கிளம்பிய பிறகு போனால் சந்தில் வண்டியைத் திருப்ப இடம் இருக்கும். ரப்பரையும் 8.8 என்று (உறுதியின் தரம்) தலையில் பொறித்த போல்ட்டுகளையும் அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட்டுகளையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே இருக்கிறவை படகிலிருந்து கழற்றியவை.