டயருக்குள் ஊற்றிய உப்புத் தண்ணீர்: நான்கு ஆண்டு அனுபவம்

சென்ற வியாழக்கிழமை பஞ்சர் கடைக்காரர் என் சிறிய டிராக்டரின் இடது பின்டயரைக் கழற்றி டியூபை உருவினார். டியூபோடு சேர்ந்து ஒரு கைப்பிடித் துரு தரையில் கொட்டியது. ரிம்மின் உள்பக்கம், வால்வு வெளியே வரும் துளையைச் சுற்றி, இரும்பு செதில் செதிலாகப் பெயர்ந்து நின்றது. நகத்தால் சுரண்டியபோது வேப்பம்பட்டை போல உரிந்தது. "இதில் புது டியூப் போட்டால் ஆறு மாதம்கூட வராது, ரிம்மையே மாற்றிவிடுங்கள்" என்றார் அவர்.

அன்று மாலையே மைத்துனன் கூப்பிட்டான். அவனும் இதே அளவு டிராக்டர் எடுக்கப்போகிறான். "எடை கூடிச் சக்கரம் நன்றாகப் பிடிக்கும், டயரில் தண்ணீர் நிரப்பித் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்கிறார் மாமா, நிரப்பிவிடலாமா?" என்று கேட்டான். "வேண்டாம் மாப்பிள்ளை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒரு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னை. வண்டி 24 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், பின்டயர் அளவு 8.3-24. 2021இல் வாங்கியது, 1,400 மணி நேரம் ஓடியிருக்கிறது. இயந்திரத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. தென்னை வரிசைக்குள் புகுந்து திரும்ப இதைவிட வசதியான வண்டி கிடையாது. ஆனால் எடை குறைவு. மரத்துக்கு மரம் வளைந்து ஓடும்போது அதுவே வரம். ஓடை மேட்டில் ஏறும்போது அதுவே தொல்லை.

தோட்டத்தை ஓர் ஓடை பிரிக்கிறது. அக்கரையில் ஒன்றரை ஏக்கர். அங்கிருந்து தேங்காய் ஏற்றிய டிரெய்லரை இந்தக் கரைக்கு இழுத்துவர வேண்டும். வண்டி வந்த முதல் மாதம், ஒரு மழை பெய்த மறுநாள், பாதி மேட்டில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரிய டிராக்டர் வந்துதான் இழுத்துவிட்டது. மறுநாளே தண்ணீர் நிரப்பினேன்.

நிரப்புவதில் வித்தை ஒன்றும் இல்லை. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வின் ஊசியைக் கழற்ற வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு குழாயை இறக்கினால் போதும். தண்ணீர் உள்ளே போகும்போது காற்று வெளியேற வழி வேண்டும் என்பதால், அவ்வப்போது குழாயை எடுத்துச் சீறவிட்டு மறுபடி செருக வேண்டும். உச்சியில் இருக்கும் வால்வு வழியே தண்ணீர் வழிந்தால், டயரில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிறைந்துவிட்டது என்று கணக்கு. மீதிக் கால் பங்குக்குக் காற்றடிக்க வேண்டும். அந்தக் காற்று மெத்தை இல்லாவிட்டால் கல்லில் ஏறும் ஒவ்வோர் அடியும் டயரையும் அச்சையும் நேராகத் தாக்கும். என் டயர் ஒவ்வொன்றும் நான்கு குடம், அதாவது சுமார் 60 லிட்டர் குடித்தது. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 120 கிலோ. செலவு, ஒரு பிற்பகல் நேரம் மட்டும்.

அந்த 120 கிலோ செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். செம்மண் ஈரமாக இருந்த ஒரு நாளில் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். கலப்பையை இறக்கி உழுதபடி சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தைக் குறித்துக்கொண்டு, கலப்பையைத் தூக்கிவிட்டு அதே தூரத்தை மறுபடி ஓட்டினால் எத்தனை சுற்று வருகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. நிரப்புவதற்கு முன் ஏழரைச் சுற்று வந்தது. அப்படியென்றால் நான்கில் ஒரு பங்குச் சுற்றும் அதற்கான டீசலும் மண்ணைக் கிளறியே வீணாகியிருக்கின்றன. நிரப்பிய பிறகு எட்டரைச் சுற்று. வழுக்கல் 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஓடை மேட்டில் முழு பாரத்தோடு முதல் முறை நிற்காமல் ஏறியபோது, மேலே வந்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்ச் சக்கரத் தடத்தைப் பார்த்தேன். டயரின் கட்டைகள் அச்சு அச்சாக, பிசிறில்லாமல் பதிந்திருந்தன. குழி எதுவும் இல்லை. சரிவில் குறுக்காக ஓட்டும்போதும் வண்டி தரையோடு ஒட்டிப் போகிற நிதானம் தெரிந்தது. கூடிய எடை முழுவதும் தாழ்வாக, சக்கரத்திலேயேதானே தங்குகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. பின்சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொண்டால், மேட்டில் பாரம் இழுக்கும்போது முன்பக்கம் தூக்கப் பார்க்கும். முன்பு சக்கரம் சுற்றித் தப்பித்துக்கொண்டது, இப்போது தப்பிக்காது. பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கும்போது முன்சக்கரம் லேசாவதையும் பின்டயர் தண்ணீர் தடுக்காது. முன்னால் எடைக்கட்டி மாட்டாமல் பின்னால் மட்டும் கனம் ஏற்றாதீர்கள். நெல் வயலில் சேற்றுழவு ஓட்டுபவர்களுக்குத் தண்ணீரே வேண்டாம். புதைவதுதான் மிச்சம். அங்கே கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம்தான் சரி.

எந்தத் திரவத்தை ஊற்றுவது என்று தேடினால் வெளிநாட்டுக்காரர்களின் பட்டியல் நீளம். கால்சியம் குளோரைடு கரைசல், வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கிளைக்கால், அமெரிக்காவிலும் கனடாவிலும் சர்க்கரை பீட்ரூட் சாறு. அவையெல்லாம் குளிர்காலத்தில் டயருக்குள் தண்ணீர் பனிக்கட்டியாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. உடுமலையில் அந்தக் கவலை எதற்கு? எத்திலீன் கிளைக்கால் மாட்டுக்கும் நாய்க்கும் விஷம். இனிப்பாக இருக்கும் என்பதால் நக்கிவிடும். தொழுவம் இருக்கும் இடத்தில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது. கால்சியம் குளோரைடு கரைசல் லிட்டருக்கு 1.2 முதல் 1.3 கிலோ வரை இருக்கும். என் டயருக்குக் கணக்குப் போட்டால் சக்கரத்துக்கு 12 முதல் 18 கிலோதான் கூடும். அதற்காக இரும்பை அரிக்கிற உப்பை வீட்டுக்கு அழைக்க வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

ஆனால் உப்பு என் ஆழ்துளைக் கிணற்றிலேயே இருந்தது. பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் அது. அதைத்தான் யோசிக்காமல் நிரப்பினேன். அன்று பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் திறந்திருந்தால் எட்டுக் குடம் மொண்டு துணியில் வடிகட்டி ஊற்றியிருக்கலாம். கூரையிலிருந்து பிடித்த மழைநீர் அதைவிட நல்லது. எனக்கு இதைச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

தண்ணீர் டியூபுக்குள் அடைபட்டிருக்கும்வரை ரிம்முக்கு ஆபத்தில்லை. ஆபத்து பஞ்சரில் தொடங்குகிறது. 2022இல் சீமைக்கருவேல முள் ஒன்று டயரைத் துளைத்தது. காற்று மட்டும் இருந்தால் டயர் அன்றே தட்டையாகும், நாமும் கவனிப்போம். தண்ணீர் நிறைந்த டயர் அவ்வளவு சீக்கிரம் அமுங்கிக் காட்டுவதில்லை. இரண்டு வாரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து டியூபுக்கும் ரிம்முக்கும் இடையில் தேங்கியிருக்கிறது. வால்வுத் துளையோரம் பூத்த வெள்ளைப் பொரியை நான் சேற்றுக் கறை என்றே நினைத்தேன். பஞ்சர் ஒட்டியாயிற்று. உள்ளே ஊறிய துரு ஊறியதுதான். 2024இல் இரண்டாவது பஞ்சர். அப்போது முள்ளே இல்லை. துருச் செதில் டியூபை அறுத்திருந்தது. போன வாரம் மூன்றாவது. மூன்றும் ஒரே சக்கரம். முதல் கசிவு விட்டுப்போன உப்புதான் மற்ற இரண்டையும் செய்தது.

ஒவ்வொரு முறையும் அந்த நாள் முழுக்க நாசம். டயரைத் தனியாகக் கழற்றி உருட்டிக்கொண்டு போக முடியாது. 60 கிலோ தண்ணீர் உள்ளே ஆடினால் நிமிர்த்திப் பிடிக்கவே இரண்டு ஆள் வேண்டும், சாய்ந்தால் கால் நசுங்கும். ஜாக்கி வைத்து வால்வைக் கீழே கொண்டுவந்து வடிய விட்டால் முக்கால் மணி நேரம். அப்படியும் அடியில் மிச்சம் நிற்கும். கடைக்காரர் டயர் விளிம்பை நெம்பும்போது அது அவர் மடியிலேயே கொட்டியது. ஒரு கடைக்காரர் "தண்ணீர் வண்டி வேண்டாம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காற்றழுத்தம் பார்ப்பதும் இதே பாடுதான். வால்வு உச்சியில் இல்லாவிட்டால் அளவுகருவிக்குள் தண்ணீர் ஏறிவிடும். நான் இரண்டு கருவிகளை அப்படி இழந்தேன்.

நியாயமாகக் கணக்குப் பார்த்தால், நல்ல தண்ணீரை நிரப்பி, மாதம் ஒருமுறை வால்வுத் துளையைத் துடைத்துப் பார்த்து, முதல் பஞ்சரிலேயே ரிம்மைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சாயம் அடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு ரூபாய் செலவில்லாமல் இவ்வளவு பிடிப்பைத் தருகிற வேறு பொருள் கிடையாது. இதை நான் மனமாரச் சொல்கிறேன். இருந்தும் என் வண்டிக்கு இனித் தண்ணீர் வேண்டாம். மைத்துனனுக்கும் அதையே சொல்கிறேன். சக்கரத்தில் மாட்டும் வார்ப்பிரும்பு எடைத் தட்டுகளை வாங்கிக்கொள். விலை அதிகம்தான். ஆனால் பஞ்சரானால் நான்கு போல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். உன் தோட்டத்து முள் குத்தினாலும் அது வெறும் பஞ்சரோடு போய்விடும்.

எனக்குத் தட்டுகள் இன்னும் வந்து சேரவில்லை. டயர்களில் இப்போது காற்று மட்டும்தான். அக்கரைத் தேங்காயைப் பாதிப் பாரமாக ஏற்றி இரண்டு நடையாகக் கொண்டுவருகிறேன். பழைய ரிம்மைத் தொழுவத்துச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். மைத்துனன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். வால்வுத் துளையோரத்தை அவனே விரலால் தடவிப் பார்க்கட்டும்.