துபாயில் குடும்ப வில்லா: கட்டி முடித்ததா, கட்டப்போவதா?

துபாயில் பதினோரு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள், குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்து நான்கு மாதம் தங்கும் மாமியார். போன வருடம் வாடகை ஏறியதும் சொந்தமாகவே ஒரு வில்லா வாங்கிவிடலாம் என்று இறங்கினோம். எட்டு மாதம் அலைந்த பிறகு மிஞ்சிய கேள்வி ஒன்றுதான்: ஆள் குடியிருந்து பழகிய பழைய வில்லாவா, இனிமேல் எழும்பப்போகும் ஆஃப்-பிளான் வீடா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு குடியேறத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கட்டி முடித்த வீடுதான். ஏன் என்று கணக்கோடு பார்க்கலாம்.

வெளிநாட்டவர் இங்கே நினைத்த இடத்தில் வாங்க முடியாது. 2006-இல் வந்த 7-ஆம் எண் சட்டத்தின்படி, ஃப்ரீஹோல்ட் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும்தான் முழு உரிமை கிடைக்கும். கட்டி முடித்த பக்கம் அரேபியன் ரான்ச்சஸ், ஸ்பிரிங்ஸ், மெடோஸ் போன்ற பழைய குடியிருப்புகளைப் பார்த்தோம். ஆஃப்-பிளான் பக்கம் அல் ஐன் சாலை, துபாய் சவுத்.

30 லட்சம் திர்ஹாம் வீடு என்று வைத்துக்கொள்வோம். கட்டி முடித்த வீடானால், முதல் வீடு வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு வங்கி 80 சதவீதம் வரை தரலாம்; 50 லட்சத்துக்கு மேல் போனால் 70தான். ஆக, கையிலிருந்து 6 லட்சம். இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நிலத் துறைக்கு 4 சதவீதம், அதாவது 1,20,000. விற்பவரும் வாங்குபவரும் பாதிப் பாதி என்பது ஏட்டில். நடைமுறையில் முழுவதும் வாங்குபவர் தலையில்தான். ஏஜென்ட் கமிஷன் 2 சதவீதம், வாட் வரி சேர்த்து 63,000. அடமானப் பதிவு, சொத்து மாற்றத்தைப் பதிவு செய்யும் டிரஸ்டி அலுவலகத்தின் கட்டணம் இரண்டுமாகப் பத்தாயிரத்துச் சொச்சம். வங்கியின் செயலாக்கக் கட்டணம் தனி. எல்லாம் கூட்டினால் 8 லட்சத்தைத் தாண்டுகிறது. முன்பு பதிவுக் கட்டணத்தையும் கமிஷனையும் கடனிலேயே சேர்த்துக் கொடுத்த வங்கிகள் இருந்தன. 2025 பிப்ரவரி முதல் அதற்கு வழியில்லை. ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும்.

ஆஃப்-பிளானில் நுழைவது சுலபம். முன்பணம் கட்டி, 4 சதவீதப் பதிவுக் கட்டணம் கட்டி, மீதியைக் கட்டுமானம் ஏற ஏற வட்டியில்லாத் தவணையாகச் செலுத்தலாம். கமிஷனைப் பெரும்பாலும் கட்டுநரே ஏற்கிறார். ஆனால் வங்கிக் கடன் 50 சதவீதம்தான். சாவி வரும் வரை வாடகையும் நம்முடையது. ஆண்டு வாடகை 1,60,000 என்றால் மூன்று வருடத்தில் 4,80,000. விற்பனை அலுவலகத்தில் காட்டும் வண்ண அட்டவணையில் இந்த வரி மட்டும் இருக்காது.

'எஸ்க்ரோ இருக்கே, பயம் எதுக்கு?' என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாம் கட்டும் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள எஸ்க்ரோ கணக்கில்தான் போக வேண்டும். 2008-09 சரிவில் பாதியில் நின்ற கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எஸ்க்ரோ பணத்தைத்தான் காக்கும், நாட்களைக் காக்காது. என்னோடு வேலை செய்பவர் ஒருவர் சாவிக்காக ஒன்றரை வருடம் கூடுதலாகக் காத்திருந்தார். அதற்குள் மூத்த பெண் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். அவளுக்கென்று தேர்ந்தெடுத்த அறையில் அவள் எத்தனை நாள் இருப்பாள்?

ஒரு மாதிரி வீட்டில் நாங்கள் பார்த்ததையும் சொல்ல வேண்டும். அறைகள் விசாலமாகத் தெரிந்தன. ஏதோ குறைகிறதே என்று என் மனைவிதான் நின்றார். உள் கதவுகளையே மாட்டாமல் விட்டிருந்தார்கள்! கதவைப் போட்டால் பணிப்பெண் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே திரும்ப இடமில்லை.

பழைய வில்லாவில் ஏமாறவும் வழி உண்டு. ஆகஸ்ட் மாதம் மதியம் மூன்று மணிக்கு ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். எல்லா ஏசியையும் ஒரு மணி நேரம் முன்பே போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். கீழே ஜில்லென்று இருந்தது. மாடியில் மேற்குப் பக்க அறை 29 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. இன்னொரு வீட்டில் படுக்கையறை மேற்கூரையின் ஒரு மூலைக்கு மட்டும் புது பெயின்ட். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது: 2024 ஏப்ரல் 16 மழையில் அங்கே ஒழுகியிருக்கிறது. இந்த ஊரில் 75 வருடத்தில் காணாத மழை அது. ஒரு வகையில் அந்த மழை நமக்கு நன்மையே செய்திருக்கிறது. எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, எந்த வீடு தாங்கியது என்று இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கட்டாத வீட்டில் யாரிடம் கேட்பது?

புது வீட்டுக்குக் கட்டுநரின் பொறுப்பு உண்டு: கட்டமைப்புக்கு 10 வருடம், ஏசி, குழாய், மின் இணைப்புகளுக்கு 1 வருடம். இருபது வருட வீட்டில் அதெல்லாம் நம் பாடு. ஏசி, தண்ணீர்த் தொட்டி, குழாய் மூன்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்காமல் பழைய வில்லா பக்கம் போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வீடு காலியாக இருக்க வேண்டும். வாடகைக்காரர் இருந்தால், சொந்தக் குடியிருப்புக்காகக் காலி செய்யச் சொல்லவும் நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ் தேவை. பழைய உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார் என்று ஏஜென்ட் சொன்னாலும், அது செல்லுமா என்ற வழக்கில் நீங்கள்தான் நிற்பீர்கள்.

வேலை போனால் என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் பயம். 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்துக்குப் வேலையைச் சாராத பத்து வருட கோல்டன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஊருக்கே திரும்பினாலும், வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய சொத்தைத் தொடர்ந்து வைத்திருக்க இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் 6(4) பிரிவு இடம் தருகிறது. வருமான வரிக் கணக்கில் மட்டும் உரிய நேரத்தில் காட்டியாக வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் எழுதிப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. சாவி கிடைத்த மாதமே செய்துவிடுங்கள்.

ஆஃப்-பிளான் யாருக்குச் சரி? பிள்ளைகள் இன்னும் மழலையர் வகுப்பில், வாடகை குறைவு, நான்கைந்து வருடம் பொறுக்கலாம் என்பவர்களுக்கு. அல் மக்தூம் விமான நிலைய விரிவாக்கத்தை நம்பி அதை ஒட்டிய துபாய் சவுத்தில் போடுபவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகள் போகும் பள்ளி நகருக்குள் இருக்கும் ஊத் மேத்தாவில். அல் ஐன் சாலையிலிருந்து பஸ் என்றால் ஐந்தரைக்கே எழுப்ப வேண்டும்.

நாங்கள் ஸ்பிரிங்ஸில் ஒரு காலி வீட்டுக்கு 10 சதவீத டெபாசிட் செக் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். சமையலறை பழசு, மாடி ஏசி ஒன்றை மாற்றியாக வேண்டும். மாமியாருக்குக் கீழ்த்தளத்திலேயே குளியலறையோடு அறை இருக்கிறது.