பிரெஞ்சு உச்சிக்கோடுகளும் ஆறு புள்ளிகளும்: எந்த முறை யாருக்கு?

பெங்களூரில் பியூசிக்கு, அதாவது அங்குள்ள பிளஸ் டூவுக்கு, பிரெஞ்சு எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. மதிப்பெண் கிடைக்கும் என்பது ஒரு கணக்கு. கன்னடத்தில் எழுதிப் பழகாதவர்களுக்கு அது ஒரு புகலிடம் என்பது இன்னொன்று. அவர்களில் ஒருவர் பார்வையற்றவராக இருந்தால், பாடப்புத்தகத்தைப் பிரெய்லுக்கு மாற்றுபவருக்கு முதல் பக்கத்திலேயே சிக்கல் வந்துவிடும். எழுத்துகளின் தலையில் இருக்கும் சாய்கோடுகளையும் கூரைகளையும் என்ன செய்வது? அல்சூர்ப் பக்கம் இந்த வேலையைச் செய்யும் எங்கள் சிறு குழுவில் இதைப் பற்றி ஆளுக்கொரு கட்சி உண்டு. என் கட்சியை இங்கே எழுதுகிறேன்.

சண்டையின் வேர் பழையது. பிரெய்லில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி இடங்கள்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6. எவை புடைத்திருக்கின்றன என்பதை வைத்து விரல் எழுத்தை அறியும். இதை உருவாக்கிய லூயி பிரெய்ல் பிரெஞ்சுக்காரர்; தம் மொழிக்காகத்தான் புள்ளிகளை வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் இசட்டுக்கு அடுத்த ஐந்து இடங்களும் குறியோடு கூடிய பிரெஞ்சு எழுத்துகளுக்கு உரியவை. ஆங்கிலத்துக்கு அவை வேண்டியிருக்கவில்லை. அதே ஐந்து இடங்களையும் 'அண்ட்', 'ஃபார்', 'ஆஃப்', 'தி', 'வித்' என்ற சொற்களுக்குச் சுருக்கமாக வைத்துக்கொண்டது. ஆங்கிலச் சுருக்க பிரெய்லில் ஊறிய விரல் 'தேஜா' என்ற பிரெஞ்சுச் சொல்லை அதன் சொந்த முறையில் தொட்டால் 'டி, ஃபார், ஜே, ஆஃப்' என்று வாசிக்கும். 2-3-4-6 புள்ளிகளின் கதை இன்னும் மோசம்: ஆங்கிலத்தில் 'தி', பிரெஞ்சில் இடப்பக்கம் சாய்ந்த கோடு போட்ட இ, ஸ்பானிஷில் வலப்பக்கம் சாய்ந்த கோடு போட்ட இ, ஜெர்மனில் இரட்டை எஸ் போல ஒலிக்கும் எஸ்செட்.

முதல் வழி, பழைய ஆங்கில பிரெய்லின் வழி. எந்தக் குறியானாலும் எழுத்துக்கு முன்னால் 4ஆம் புள்ளியை மட்டும் வைத்துவிட்டால் போதும். 'இங்கே ஏதோ குறி இருக்கிறது' என்று அது சொல்லும். என்ன குறி என்று சொல்லாது. ஆங்கில நாவலில் 'கஃபே' வந்தால் யாருக்கும் நட்டமில்லை. பிரெஞ்சுப் பாடத்தில் அப்படி விட முடியாது. கூரை போட்ட 'பெஷர்' மீனவர். வலச்சாய்வுக் கோடு போட்ட 'பேஷர்' பாவி. வேறு எழுத்து எதுவும் மாறுவதில்லை. 4ஆம் புள்ளி முறையில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். நூலகங்களில் இருக்கும் பழைய பிரதிகளை வாசிக்க இதைத் தெரிந்து வைத்திருக்கலாம்; புதிதாக இப்படி எழுதுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது, யுனிஃபைட் இங்கிலீஷ் பிரெய்ல். அமெரிக்காவில் 2016 ஜனவரி 4 முதல் பழைய முறையின் இடத்துக்கு வந்தது இதுதான். இதில் ஒவ்வொரு குறிக்கும் தனி அடையாளம் உண்டு; எழுத்துக்கு முன்னால் இரண்டு கட்டங்கள் வரும். வலச்சாய்வுக்கு 4-5, 3-4. இடச்சாய்வுக்கு 4-5, 1-6. கூரைக்கு 4-5, 1-4-6. மீனவரும் பாவியும் தெளிவாகப் பிரிந்துவிடுவார்கள். பிரெஞ்சு அட்டவணையைப் படிக்காதவரும் வாசிக்கலாம். ஆங்கிலப் புத்தகத்தில் அங்கங்கே வரும் அயற்சொற்களுக்கும், மனிதர்களின் பெயர்களுக்கும், உணவகப் பட்டியலுக்கும் இதற்கு மேல் வேறொன்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

விலை நீளத்தில் இருக்கிறது. பிரெஞ்சு முறையில் நான்கே கட்டங்கள் பிடிக்கும் 'தேஜா' இதில் எட்டுக் கட்டங்களாகிறது. கோப்பைப் பிரெய்ல் புள்ளிகளாகக் காட்டும் ஆர்பிட் ரீடர் 20 போன்ற சிறு கருவியில் ஒரு வரிக்கு இருபது கட்டங்கள்தான்; ஒரு சொல்லே வரியில் ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். பக்கம் முழுவதும் பிரெஞ்சு என்றால் விரல் எழுத்தைவிட முன்குறிகளைத்தான் அதிகம் தடவிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, பிரெஞ்சுக்காரரின் சொந்த முறை. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். வலச்சாய்வு போட்ட இ என்றால் ஆறு புள்ளியும் நிறைந்த முழுக் கட்டம். விரலுக்கு ஐயமே வராது. ஆனால் மாணவர் புதிய அட்டவணை ஒன்றை மனப்பாடம் செய்தாக வேண்டும். பெரிய எழுத்துக்கான குறிகூட வேறு: ஆங்கிலத்தில் 6ஆம் புள்ளி, பிரெஞ்சில் 4-6. நம் ஊரில் விற்கும் இலக்கண நூல்களிலோ விளக்கம் ஆங்கிலத்திலும் எடுத்துக்காட்டு பிரெஞ்சிலுமாக, ஒரே வரியில் இரண்டும் பின்னிக் கிடக்கும். அதற்கும் வழி இருக்கிறது. மொழி மாறும் இடத்தைக் காட்டும் அடையாளங்கள் யுனிஃபைட் முறையிலேயே உண்டு. அவற்றுக்குள் பிரெஞ்சு எழுத்துகளை வைக்கலாம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அட்டவணையையும் சேர்த்துவிட வேண்டும்.

மொழியைப் படிப்பவருக்கு நான் இந்த மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். நண்பர்கள் மறுக்கிறார்கள்: 'பிள்ளைக்கு ஏற்கெனவே ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று மூன்று பிரெய்ல், நான்காவது எதற்கு?' நியாயமான கேள்வி. ஆனால் தேர்வறையில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். பதில் எழுத வரும் உதவியாளருக்குப் பெரும்பாலும் பிரெஞ்சு தெரியாது. மாணவிதான் 'பி, கூரை போட்ட இ, சி, ஹெச்' என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டும். எழுத்தும் குறியும் சேர்ந்து ஒரே வடிவமாக விரலில் பதிந்திருந்தால்தான் அந்த வேகத்தில் வாய்க்கு வரும். தவிர, பிரான்சில் அச்சான பிரெய்ல் புத்தகம் என்றாவது கைக்குக் கிடைத்தால் அது இந்த முறையில்தான் இருக்கும்.

தமிழ்ப் புத்தகத்துக்குள் பிரெஞ்சுச் சொல் வந்தால் வழக்கு வேறு. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் 1-2-3-5-6 நமக்கு 'ழ'. பிரெஞ்சுக்கு அது இடச்சாய்வு போட்ட ஏ. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் வாசிப்பவர் திணறிப்போவார். அச்சுத் தமிழில் எழுதுவது போல ஒலிப்படி எழுதிவிடுவதே நல்லது. மூல எழுத்துக்கூட்டு கட்டாயம் வேண்டும் என்றால் பின்னிணைப்பில் தனியாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கணினியையும் சரிபார்க்க வேண்டும். திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருளான என்விடிஏ-வின் பிரெய்ல் அமைப்பில் வெளியீட்டு அட்டவணை ஆங்கிலத்தில் நின்றால், பிரெஞ்சுக் கோப்பைத் திறந்தாலும் விரலுக்கு யுனிஃபைட் குறிகள்தான் வரும். கோப்பை மாணவருக்கு அனுப்பும்போதே எந்த அட்டவணையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.